கக்கூஸ் கதவில் ஓர் அருவி

எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் திருச்செந்தூர் வரை பஸ்ஸில் முதுகு நோக உட்கார வேண்டும். ஆனாலும் தென்காசியில் ஒரு ரவுண்டானா நடுவே இரண்டு டால்பின்கள் வாலை ஊன்றி நிற்கின்றன. நீலப் பெயிண்ட் அடித்த சிமெண்டு டால்பின்கள். வாயிலிருந்து தண்ணீர் பீச்சும் என்று சொல்லித்தான் திறந்தார்கள். திறந்த அன்றைக்குப் பீச்சியது. அடுத்த நாள் மோட்டார் நின்றது. இப்போது ஒன்றின் வாயில் மைனா கூடு கட்டியிருக்கிறது, இன்னொன்றின் மேல் எப்போது பார்த்தாலும் யாருக்காவது பிறந்தநாள் வாழ்த்து போஸ்டர்.

குற்றாலத்தில் இதைவிட மோசம். கையில் இருக்கிற தேங்காய்ச் சில்லைக் குரங்கு வந்து பிடுங்கிக்கொண்டு போகிற ஊர் அது. அங்கே சிமெண்டில் குரங்கு செய்து வைத்திருக்கிறார்கள். நிஜக் குரங்குகள் அதன் தலையில் ஏறி உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்க்கின்றன. அந்தச் சிலையால் யாருக்காவது உபயோகம் உண்டென்றால் அது குரங்குகளுக்குத்தான்.

தென்காசி தனி மாவட்டம் ஆனதிலிருந்து பிடித்த கிறுக்கு இது. ஊரை அழகுபடுத்துகிறார்களாம். எங்கிருந்தோ அழகுக்கென்றே பணம் வருகிறது. அதை அழகுக்கு மட்டும்தான் செலவழிக்கலாம், குறித்த காலத்துக்குள் செலவழித்தாக வேண்டும். ஆகவே காலி இடம் எங்கே தென்பட்டாலும் ஒரு சிமெண்டு மானோ, ஊர்ப் பெயருக்கு முன்னால் சிவப்பு இதயம் வைத்த எழுத்துகளோ முளைத்துவிடுகின்றன. கேட்டால் கலை என்கிறார்கள். நான் தையல்காரி. பிளவுஸில் அக்குள் பிடித்தால் கொண்டுவந்து என் முகத்திலேயே எறிந்துவிட்டுப் போகிறார்கள், பிரித்துத் தைத்துக் கொடுக்கிறேன். டால்பினை யார் முகத்தில் கொண்டுபோய் எறிவது?

என் கடை குற்றாலம் போகிற ரோட்டில், ஒரு சின்னப் பூங்காவுக்கு எதிரே இருக்கிறது. ஷட்டர் போட்ட ஒற்றை அறை. பக்கத்தில் செராக்ஸ் கடை, அதில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள். எதிரே பூங்காச் சுவரை ஒட்டிச் சாக்கை விரித்து ஒரு அக்கா கீரை விற்கிறாள். அதிகாலையிலேயே பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கட்டு எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவாள். என்னைவிட மூத்தவள், சர்க்கரை உடம்பு. அவள் தினமும் தண்ணீர் தெளித்து வைக்கிற கீரை சாயங்காலம் வரை வாடாது. அந்தத் தண்ணீரில் ஒரு வாய் அவள் குடித்து ரொம்பக் காலம் வரை நான் பார்த்ததில்லை.

காரணம் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்ததுதான். எங்கள் வரிசைக் கடைகளில் எதிலும் கக்கூஸ் கிடையாது. ஆண்களுக்கு டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் இடம் இருக்கிறது, அதற்குக் கூரையும் வேண்டாம் கதவும் வேண்டாம். நாங்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது போய்விட்டு வந்தால், இருட்டின பிறகு வீடு திரும்பித்தான். அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. மோரும் குடிப்பதில்லை. யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் பாதியைச் சாக்கடை ஓடையில் ஊற்றிவிடுவேன். எனக்கு ஒரு தடவை சிறுநீரகத்தில் கல் வந்து, வலியில் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டேன். டாக்டர், தண்ணீர் நன்றாகக் குடிக்கச் சொன்னார். குடிக்கலாம். அதை எங்கே போய் விடுவது என்று அவர் சீட்டில் எழுதித் தரவில்லை.

பூங்காவில் ஒரு சின்னக் கட்டடம் இருந்தது. பெண்கள் என்று எழுதிய கழிப்பறைதான். கட்டினதோடு சரி, திறக்கவேயில்லை. வாட்ச்மேன் உள்ளே விளக்குமாறும் ரப்பர் டியூபும் போட்டு வைத்திருந்தார். அந்த அண்ணாச்சியைக் கெஞ்சி, அவர் மகளுக்குச் சடங்குப் பாவாடை தைத்துக் கொடுத்து, அதைத் திறந்துகொள்ள அனுமதி வாங்கினோம். நானும் கீரைக்கார அக்காவும் செராக்ஸ் கடைப் பெண்ணும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்துக் கழுவினோம். ஒட்டடையும் பல்லி முட்டையும் வந்தன, ஒரு செத்த எலிகூட வந்தது. தண்ணீர்க் குழாய் வேலை செய்யவில்லை. பூங்காக் குழாயிலிருந்து இரண்டு வாளி பிடித்து உள்ளே வைத்தோம். உள்ளே தாழ்ப்பாள் மாட்ட ஒரு ஆளைக் கூட்டிவந்தோம். ஃபினாயில் நான் வாங்கினேன். அதன் பிறகுதான் அந்தத் தெருவில் பெண்கள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தோம். ரோட்டைப் பார்த்து இருந்த அந்தத் தகரக் கதவைவிட அழகான பொருள் இந்த ஊரில் எனக்கு வேறு எதுவும் இல்லை. கடைக்குள் உட்கார்ந்து தைக்கும்போது நிமிர்ந்தால் அது தெரியும், மனசுக்கு நிம்மதியாக இருக்கும்.

அந்த நிம்மதிக்குத்தான் வேட்டு வைத்தார்கள்.

சாரல் சீசன் தொடங்குமுன் குற்றாலம் ரோட்டுச் சுவர்களுக்கெல்லாம் படம் வரைய வேண்டும் என்று முடிவாயிற்றாம். காரில் போகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். தெருவில் இருக்கிறவர்கள் பார்ப்பதெல்லாம் கணக்கில்லை. வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள். கிழிந்த பேண்ட், தோளில் துணிப்பை, வாயைத் திறந்தால் கான்செப்ட், பாரம்பரியம், ஸ்பேஸ். எங்கள் பூங்காவுக்கு என்ன கான்செப்ட் என்று பார்த்தால், அருவி. குற்றாலத்து மெயினருவியை அப்படியே வரையப்போகிறார்கள். காரில் கொஞ்ச தூரம் போனால் நிஜ அருவியே விழுகிறது. ஹோட்டலுக்குச் சாப்பிடப் போகிறவனை நடுவழியில் நிறுத்தி இட்லிப் படம் காட்டுகிற மாதிரி இது. இதைச் சொன்னபோது அந்த மூவரில் ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஏதோ நான் விவரமில்லாதவள் என்பது போல.

சுவரில் வரைந்துவிட்டுப் போயிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். சுவர் போதாது என்று, அதோடு ஒட்டியிருந்த கழிப்பறைக் கட்டடத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். அருவி விழுகிற நட்டநடு இடம் எங்கள் கதவுக்கு நேரே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. திங்கட்கிழமை காலையில் நான் வந்தபோது, கீரைக்கார அக்கா சுவருக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் அருவியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, கதவு எங்கன?” என்றாள். “சனிக்கெழம வரைக்கும் இங்கனதான இருந்துச்சு?”

கிட்டே போய்ப் பார்த்தேன். கைப்பிடியைக் கழற்றியிருந்தார்கள், கொண்டியைக் கழற்றியிருந்தார்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருந்த இடுக்கை முழுக்க, பெயிண்டுக்கு முன்னால் பூசுகிற பட்டியை வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன் மேல் வெள்ளையும் நீலமுமாகத் தண்ணீர் வரைந்திருந்தார்கள். விரலால் தேடினாலும் கதவு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இந்த ஊரில் எந்தப் பொது வேலையும் இவ்வளவு சுத்தமாகச் செய்து நான் பார்த்ததில்லை. ரோட்டுக் குழியை மூட இந்தக் கைகள் வந்திருக்கலாம்.

அந்தச் சிரித்த பெண் ஏணி மேல் நின்று பாறைக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். “கோடு தெரிஞ்சா அருவியோட ஃப்ளோ கட்டாயிடும் ஆன்ட்டி” என்றாள்.

“உங்க வீட்டு கக்கூஸ் கதவையும் இப்பிடிப் பூசி மெழுகிட்டுத்தான் வந்தியாட்டி?” என்று அக்கா கேட்டாள். ஏணி மேல் நின்றவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காதில் எதையோ மாட்டிக்கொண்டாள்.

நான் கடையைச் செராக்ஸ் பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனேன். இந்த வேலைகளைப் பார்க்கிற இன்ஜினியர் உள்ளூர்க்காரர்தான், பேச்சில் மரியாதைக்குக் குறைச்சல் கிடையாது. மரியாதையாகவே ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரிந்தவர். உட்காரச் சொன்னார். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே போனில் ஒரு படத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“பாத்தியளா, அசல் அருவி மாரியே இருக்குல்லா? மெட்ராஸ்லருந்து போன் போட்டுப் பாராட்டுதாவ.”

“அதுக்குள்ள கதவு இருக்கு சார்.”

போனைத் திருப்பி, விரலால் பெரிதாக்கி, மேலும் கீழும் பார்த்தார். “கதவா? படத்துல தெரியலயே” என்றார்.

அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். படத்தில் தெரியாதது அவருக்கு உலகத்தில் கிடையாது. இருந்தாலும் நாங்கள் எங்கே போவது என்று கேட்டேன். “இது அழகுபடுத்துத ஹெட்டுல வந்த துட்டும்மா. கக்கூஸுக்குத் தனி ஹெட்டு, தனிக் கணக்கு. அது வரும்போ உங்களுக்குப் புதுசாவே கட்டித் தாரோம்” என்றார். புதிதாகக் கட்டுவார்களாம். இருக்கிறதைத் திறக்கப் பணம் கிடையாதாம், மூடுவதற்கு மட்டும் வந்துவிட்டதாம். “அதுவரைக்கும் பஸ் ஸ்டாண்டுல இருக்குல்லாம்மா, கட்டணக் கழிப்பிடம்” என்று அதையும் மரியாதையாகச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுக்கு அக்கா ஒரு தடவை போய்ப் பார்த்தாள். நடந்து போய், வரிசையில் நின்று, நடந்து திரும்புவதற்குள் இரண்டு மாடுகள் கீரைச் சாக்கைக் காலி செய்துவிட்டன. பிறகு அவள் போகவில்லை. நாங்கள் எல்லோரும் பழையபடி தண்ணீரை நிறுத்தினோம். வெயில் காலம் வேறு. எதிரே பார்த்தால் சுவர் முழுக்கத் தண்ணீராகக் கொட்டுகிறது, எங்களுக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போகிற கார்களெல்லாம் நின்று அதன் முன் செல்ஃபி எடுத்துக்கொண்டன. கையை விரித்து, குளிக்கிற மாதிரி, தலையை அண்ணாந்து. ஒரு குடும்பம் சோப்புகூடத் தேய்க்கிற மாதிரி நடித்தது. எங்கிருந்துதான் வருவார்களோ.

ஒரு நாள் மத்தியானம் அக்காவுக்கு அடக்க முடியவில்லை. சர்க்கரை உடம்புக்கு அதெல்லாம் சொன்னபடி கேட்காது. நான் கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கீரை வாங்க இரண்டு பேர் குனிந்து நின்றார்கள். அக்கா உட்கார்ந்தபடியே ஒரு கணம் அசையாமல் இருந்தாள். பிறகு கீரைக்குத் தெளிக்க வைத்திருந்த செம்பை எடுத்து, கை தவறினது போல, முழுவதையும் தன் மடியில் ஊற்றிக்கொண்டாள். “அய்யோ, கொட்டிட்டே” என்று சிரித்தாள். வாங்க வந்தவர்களும் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வரை அந்த ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் குத்தலாம் என்று பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

சீசன் பிறந்தது. படங்களையும் சிலைகளையும் திறந்து வைக்க ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்றார்கள். பெண் அதிகாரி. டால்பினில் தொடங்கி ஒவ்வொரு இடமாக ரிப்பன் வெட்டிக்கொண்டு வந்து எங்கள் அருவியில் முடிக்கிறாராம். பூங்காவில் பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, அருவிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். இன்ஜினியர் கடை கடையாக வந்தார்.

“யம்மா, லேடீஸ் நாலு பேரு முன்னால வந்து உக்காருங்க. போட்டோல லேடீஸ் இருந்தா நல்லாருக்கும். வடை காப்பி உண்டு.”

காப்பியாம். எங்களுக்கு. அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்த்தி வைத்துக் காப்பி கொடுக்கிறார். இருந்தாலும் போனேன், அந்தக் கூத்தையும் பார்த்துவிடலாம் என்று. அக்காவும் வந்தாள்.

அதிகாரி வர ரொம்ப நேரமாயிற்று. வந்ததும் பேச ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராகச் சால்வை போட்டார்கள். சால்வை போட்டவர்களெல்லாம் பேசினார்கள். பேசினவர்களெல்லாம் இந்தச் சுவரைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருவார்கள் என்றார்கள். அந்த அம்மாள் மேடை நடுவில் உட்கார்ந்திருந்தார். முன்னால் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது. முதலில் ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் போட்டார். பிறகு மாற்றிப் போட்டார். பிறகு நாற்காலி நுனிக்கு வந்து முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டார். கைதட்டும்போது மட்டும் சிரித்தார். அந்த உட்காருதல் எனக்குத் தெரியும். அக்கா என் தொடையை இடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் நின்ற பெண் போலீஸ் இன்ஜினியரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் மூஞ்சியில் ஈயாடவில்லை. இரண்டு ஆட்கள் இரண்டு பக்கம் ஓடினார்கள், வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். கடைசியில் அந்தப் பெண் போலீஸ் குனிந்துகொண்டே என்னிடம் வந்தாள்.

“அக்கா, மேடத்துக்கு அவசரம். இங்கன பாத்ரூம் எங்கன இருக்கு?”

நான் முகவாயால் காட்டினேன். “அந்தா. அருவிக்குள்ள.”

“வெளயாடாதிய அக்கா.”

அக்கா எழுந்து நின்றாள். மைக்கில் ஒருவர் பாரம்பரியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், அவர் குரலைவிட இவள் குரல் ஓங்கி வந்தது. “நெசமாத்தான் சொல்லுதா! உள்ள ரெண்டு வாளி வச்சிருக்கோம். நல்ல கக்கூஸு. பூசிட்டானுவ!”

பேச்சு நின்றுபோயிற்று. இன்ஜினியர் மேடையேறி, “மேடம், படம் பேந்துரும், விழா போட்டோ இன்னும் எடுக்கல” என்று என்னவோ ஆரம்பித்தார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. “ஓப்பன் பண்ணுங்க” என்றார்.

யாரும் வெட்டாமலே ரிப்பனை அவிழ்த்துப் போட்டார்கள். பந்தல்காரன் கடப்பாரையைக் கொண்டுவந்து இடுக்கைத் தேடித் தேடி நெம்பினான். பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அருவி பாதியாகப் பிளந்து, உள்ளே எங்கள் வாளிகள் தெரிந்தன. அதிகாரி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கூட்டம் முழுக்கத் தரையைப் பார்த்தது. மைக் செட்காரன் புத்திசாலி, நாதஸ்வரத்தைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினான். ஒரு பெண் ஒன்றுக்குப் போவதற்கு இத்தனை ஆம்பளைகள் குனிந்த தலை நிமிராமல் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் வெளியே வந்தபோது நாங்கள் வரிசையில் நின்றோம். அக்கா முதல் ஆள், நான் அடுத்தது. அவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். இப்போது சொல்வார், இந்தக் கதவை இனி மூடக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். நம்மைப் போல இவரும் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு திரிந்தவர்தானே, தெரியாமலா போகும் என்று நினைத்தேன். அவர் இன்ஜினியர் பக்கம் திரும்பி, “நல்லா க்ளீனா மெயின்டெயின் பண்றீங்க” என்றார்.

“டெய்லி ஃபினாயில் போடுதோம் மேடம்” என்றார் அவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

கார் போய்விட்டது. அந்த அம்மாளை எங்களில் ஒருத்தி என்று நினைத்ததற்காக என்னையே நான் திட்டிக்கொண்டேன். நாற்காலிகளை எடுக்கும்போது இன்ஜினியர் பந்தல்காரனிடம் சொல்வது காதில் விழுந்தது. “நாளைக்குக் காலையிலயே ஆள் வச்சுப் பட்டி பாத்து அடச்சிரணும். முழுப் போட்டோ அனுப்புனாத்தான் மிச்ச பில்லு பாஸாவும்.”

மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது உள்ளூர் பெயிண்டர் ஒருவர் பட்டி டப்பாவோடு வந்து இறங்கியிருந்தார். கதவு சாத்தியிருந்தது. பட்டியைக் கலக்கி, தகட்டில் எடுத்து, இடுக்கில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். அருவிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

“உள்ள ஆள் இருக்கு!”

அவர் தகட்டைக் கீழே போட்டுவிட்டு ரோடு வரைக்கும் பின்வாங்கினார். அக்கா மெதுவாக வெளியே வந்தாள், சேலையை உதறினாள், கீரைச் சாக்கை நோக்கி நடந்தாள். பெயிண்டர் தகட்டை எடுப்பதற்குள் நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். எனக்கு அப்போது வரவேயில்லை. சும்மா நின்றேன். நான் வெளியே வரும்போது செராக்ஸ் பெண் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவேயில்லை. அவளுக்குப் பிறகு துணி கொடுக்க வந்தவள், அவளுக்குப் பிறகு பஸ்ஸுக்கு நின்ற ஆலங்குளத்துக்காரிகள் இருவர். செல்ஃபி எடுக்க நின்ற காரிலிருந்து இறங்கின ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு, போனைப் பைக்குள் போட்டு, “க்யூவாக்கா?” என்று கேட்டுக்கொண்டே வந்து நின்றாள். அவள் பின்னாலேயே அவள் மாமியாரும் இறங்கினாள்.

இன்ஜினியர் பைக்கில் வந்து சேரும்போது பட்டி டப்பாவிலேயே இறுகியிருந்தது. பெயிண்டர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஆம்பளை, பொம்பளைக் கக்கூஸுக்குள் போக முடியாது. அது மட்டும் இன்ஜினியருக்குத் தெரிந்திருந்தது. அருவிக்கு முன்னால் நின்று, வரைந்த பாறையில் தட்டினார்.

“யாரும்மா உள்ள? எவ்வளவு நேரம்? சீக்கிரம் வாங்க, வேல நடக்கணும்!”

உள்ளே இருந்தது யார் என்று எங்களுக்கே தெரியாது. வெளியூர்க் குரல், கொஞ்சம் வயதான குரல், அவசரமே இல்லாத குரல்.

“உள்ள ஆள் இருக்குப்பா!”